மருந்தாளர் பத்மாதேவி அம்மாவும் ஓரப் பார்வையும்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மருந்தாளர் பத்மாதேவி அம்மாவின் குடும்பத்தினரே, கெலிஓயாவிலிருந்தும் பிலிமத்தலாவையிலிருந்தும் சோதனைச் சாவடிகளைத் தாண்டி அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

நான் சேதுராமன். அம்மாவின் மருந்துக்கடையில் பத்து ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவன். எனக்கு வலிப்பு உண்டு. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்த இதை முதல் தடவையாகச் சபையில் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஒரு காலை. அம்மாவும் நானும் குட்செட் பஸ் நிலையத்திலிருந்து கடைக்கு நடந்துகொண்டிருந்தோம். இடப்பக்கம் சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் நிற்கச் சொல்லிக் கைகாட்டினார். பஸ் இரைச்சலில் அவர் குரல் கேட்கவில்லை. நான் நடந்துகொண்டே இருந்தேன். துப்பாக்கி உயர்ந்தது! அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சிங்களத்தில் பேசிச் சமாளித்தார்.

“கை காட்டினவனை நீர் காணேல்லையோ?”

“சத்தியமா பாக்கலம்மா.”

கடைக்குள் போனதும் என்னைக் கதிரையில் உட்கார வைத்தார். “என்ர மூக்கையே பாரும்” என்று சொல்லி, பக்கத்திலிருந்து விரலை மெல்ல நகர்த்தினார். அவர் முகத்துக்கு அருகே வரும்வரை விரல் எனக்குத் தெரியவில்லை. மருந்துப் பெட்டியின் சின்ன எழுத்தையும் வாசிக்கிறவன் நான்! ஓரம் போனது எனக்கு எப்படித் தெரியும்?

அன்றே டொக்டரிடம் அழைத்துப் போனார். கண் கிளினிக்கில் பார்வையின் அகலத்தை அளந்தார்கள். வலிப்புக்காக நான் போட்டுவந்த விகபட்ரின் மாத்திரை விழித்திரையைப் பாதித்திருந்தது. போன பார்வை திரும்பாது என்றார்கள்.

“இனி ஒண்ணுகூடப் போட மாட்டேன்” என்றேன்.

“அப்பிடி நிப்பாட்டாதையும். வலிப்பு கூடி உயிருக்கே மோசமாகும். டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு வேற மருந்துக்கு மாத்துவார்.” பிறகு தலை குனிந்தார். “ரெண்டு வருஷமா என்ர கையால தந்தனான். கண்ணைச் சோதிச்சனீரோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. என்னை மன்னியும்.”

தன் பிழையை வேலைக்காரனிடம் ஒப்புக்கொள்ளும் முதலாளியை நீங்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறீர்கள்?

அதற்குப் பிறகு அந்த மாத்திரைக்கு வந்த எவரையும் அம்மா கேட்காமல் விட்டதில்லை. மகளுக்கு மருந்து வாங்க வந்த ஹபீலா கோபப்பட்டார். “மருந்துக்கு வந்தா கண்ணப் பத்தி ஏன் கேக்குறீங்க?” அம்மா மருந்தை மறுக்கவில்லை. கொடுத்துவிட்டு, தானே கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசி நாள் வாங்கினார். மகளின் பார்வை ஓரத்தில் குறையத் தொடங்கியதை அந்தச் சோதனைதான் காட்டியது. டொக்டர் உரிய நேரத்தில் மருந்தை மாற்றினார். அந்த மகள் இதோ இந்த மண்டபத்தில் இருக்கிறாள். இருபக்கமும் பார்த்து வீதியைக் கடந்து வந்திருக்கிறாள்!

அன்பர்களே, நாளை காலை கடை திறக்கும். அம்மா நின்ற இடத்தில் நான் நிற்பேன். அந்த மாத்திரைக்கு வருகிறவர்களிடம், கடைசியாகக் கண்ணைச் சோதித்தது எப்போது என்று கேட்பேன். எரிச்சல்படுங்கள், பரவாயில்லை. மறுமாதமும் கேட்பேன்.