பன்னு படுக்கும் இடம்

– இன்னா மாமா இது? உங்க போர்வையில இம்மாம் முடி?

– ஏ பன்னு, கேக்கவங்ககிட்ட சொல்லு. அது என் தலைமுடின்னு.

– உங்க தலையில கீறதே காதோரம் கொஞ்சம். அதுவும் பஞ்சு மாரி வெள்ள. இது செவல. தோ, வால ஆட்டிகினு நிக்குதே, அது கலரு.

– பன்னு, அந்தப் போர்வைய அங்ஙன வச்சிட்டுப் போவச் சொல்லு. என் துணிய நான் தொவைச்சுக்கிடுவேன்.

– நாயாண்ட சொல்லாதீங்க, என்னாண்ட சொல்லுங்க. உங்க புள்ள ஜெபா ஹார்பருக்கு வேலைக்குப் போயாச்சு. வூட்ல நீங்களும் நானுந்தான் கீறோம். மழைக்காலத்துல வந்தீங்க, இப்ப மாங்கா வந்துடுச்சு. இன்னும் மருமவளாண்ட நேரா ஒரு வார்த்த பேசல. புள்ள இருந்தா புள்ளையாண்ட சொல்லி அனுப்புறீங்க. இல்லாங்காட்டி பன்னுவாண்ட.

– நேத்தைக்கு ஜன்னல் தொறந்து கெடந்துச்சு. காத்துல பறந்து வந்திருக்கும்.

– முடி காத்துல வரும். காலடி காத்துல வருமா? தலகாணிய பாருங்க, பூ போட்டமாரி வெரலு வெரலா.

– சவத்தெழவு. அந்தத் தலவாணிய இங்க குடு.

– ஐய, குடுக்கமாட்டேன். மொதல்ல மெய்யாலுமே இன்னா நடக்குதுன்னு சொல்லுங்க. நான் கோச்சிக்கல மாமா, தெரிஞ்சிக்கணும்னுதான் கேக்கறேன். அத்தை தவறினப்புறம் ஜெபா உங்கள வண்ணாரப்பேட்டையிலேர்ந்து கையப் புடிச்சி இஸ்துகினு வந்தாரே, இந்த ராயபுரம் வூட்டுக்குள்ள கால் வச்சதும் இன்னா சொன்னீங்க? ஞாபகம் கீதா?

– என்ன சொன்னேன்?

– 'நாய் படுத்த மெத்தையில மனுசன் படுப்பானா, லே? அது பால்கனியிலதான் கெடக்கணும். இல்லன்னா நான் சாத்தான்குளத்துக்கு பஸ் ஏறிருவேன்'ன்னு. ஜெபா ஆடிப் பூட்டாரு. அம்மாவும் இல்ல, அப்பாவும் பூட்டா இன்னா பண்றதுன்னு. அன்னிலேர்ந்து, எங்க காலாண்ட படுத்துகினு இருந்தத பால்கனியில வுட்டு கதவு கொண்டி போடறோம். மனசே வராது. போடறோம்.

– கொண்டி போட்டா அடங்குதா சவம்? நகத்த வச்சுத் தகரத்தச் சொரண்டும் பாரு, பல்லு கூசும். ஒங்களுக்குக் கேக்காது, ஃபேனப் போட்டுட்டு ஒறங்கிருதிய. பால்கனிக்கு அடுத்து என் ரூமுதான.

– அப்ப கொண்டிய தொறந்தது நீங்கதான்!

– சத்தம் நிக்கட்டும்னு தொறந்தேன். ஒரு சாக்க விரிச்சு, தரையில கெடன்னேன்.

– சரி. தரையிலேர்ந்து கட்டிலுக்கு எப்டி வந்துச்சு?

– தரையில எறும்பு.

– எறும்பா!

– கடல்காத்து வேற. தை மாசக் குளிருல நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. நான் ஏறுன்னு சொல்லல. அதுவா ஏறிச்சு. எறங்குன்னும் சொல்லல.

– எந்தப் பக்கம் படுக்கும்?

– என்னது?

– எங்களாண்ட காலாண்டதான் படுக்கும், சுருண்டுகினு. உங்களாண்ட எப்டின்னு கேக்கறேன்.

– முதுகுப் பக்கம். நான் செவுத்தப் பாத்துப் படுப்பேன். அது பின்னால வந்து முதுகோட முதுகா ஒட்டிக்கிடும்.

– முதுகோட முதுகாவா? எங்களாண்ட ஒருவாட்டிகூட அப்டி படுத்தது இல்ல மாமா!

– அதுக்கு முன்ன அந்த எடத்தையே சுத்திச் சுத்தி வரும்.

– வந்து, பொத்துனு வுழும்.

– ஆமா, மூட்டைய எறக்கினாப்ல. பொறவு ஒரு பெருமூச்சு விடும் பாத்தியா?

– ஹார்பர் சரக்கெல்லாம் அது ஒண்ணே தூக்கிப் போட்டமாரி! மாமா, சிரிக்கிறீங்க.

– சிரிக்கல. இருமல்.

– தூக்கத்துல ஓடுமே, அத்த பாத்துகீறீங்களா?

– பாக்காம? நாலு காலும் உதறும், வாயத் தொறக்காமலே குரைக்கும். அப்பிடி யாரத்தான் வெரட்டுதுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். கண்டெய்னர் லாரியா இருக்குமோ?

– லாரியாவது. கீழ் வூட்டுப் பூனைய. பகல்ல அத்த கண்டா நம்ம காலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கும். கனவுலதான் இவரு ரவுடி.

– அப்பிடியா சங்கதி!

– அப்புறம் அந்த வாசன...

– அதச் சொல்லாத. அன்னைக்கு மீன் தலையத் தின்னுட்டு வந்து படுத்துச்சு பாரு, நான் எந்திரிச்சு ஜன்னலத் தொறந்தேன். அதுக்கென்ன, சொகமா ஒறங்குது.

– அருவருப்பா இல்லியா உங்களுக்கு?

– இருந்துச்சு. தும்மலும் வருது. ஊசியெல்லாம் போட்டிருக்குல்லா அதுக்கு?

– போட்டாச்சு. உண்ணி புடிக்காம இருக்க கழுத்தாண்ட மாசாமாசம் மருந்து வுடறேன். படுக்கையில சேத்துக்கலாமான்னு டாக்டராண்டயே கேட்டேன். சுத்தமா வச்சிகினா பரவால்ல, தும்மல், இழுப்பு கீறவங்க மட்டும் உஷாரா இருக்கணும்னாரு. உங்க தும்மல் எங்க ரூமு வரைக்கும் கேக்குது மாமா. நான் ஹார்பர் தூசுன்னு நெனச்சிகினு இருந்தேன்.

– அதுக்குத்தான் போர்வைய நெதம் நானே அலசிப் போடுதேன். முடி தங்கக் கூடாதுன்னு.

– ஓ, அதுக்கா?

– பின்ன எதுக்கு?

– நான் வேறமாரி நெனச்சிகினு கீறேன். இம்மாம் நாளா.

– என்னன்னு?

– என் கை பட்டா ஆவாதுன்னு.

– ஏ பன்னு, இங்க வா.

– பன்னுவ பாக்காதீங்க மாமா. என்னைப் பாருங்க. சண்ட போடல, கேக்கறேன். நாயி மெத்த மேல ஏறலாம், உங்க முதுகாண்ட படுக்கலாம். நான் வச்ச தண்ணிய ஒரு நாளு நீங்க தொட்டதில்ல. கீழ மெஸ்ஸுலேர்ந்து இட்லி வருது. கேட்டா, வயிறு சரியில்லன்னு ஜெபாவாண்ட சொல்லி வுடறீங்க. மெஸ்ஸு இட்லிக்கு மட்டும் வயிறு நல்லா கீதா?

– சோறு வேற, இது வேற.

– இன்னா வேற? வியாசர்பாடிக்காரி கை வேறயா? பன்னு நாக்கால மூஞ்சிய நக்கும், தொடச்சிகினு படுத்துடுவீங்க. நான் டம்ளர்ல குடுத்தா ஆவாதா?

– எழில்...

– என் பேரு தெரியுமா உங்களுக்கு!

– தெரியும்லா. மொத நாளு நீ தண்ணி கொண்டாந்து வச்ச. தொடல. ஏன்னு சொல்ல இப்ப வாய் கூசுது. நான் அப்பிடி வளந்துட்டேன். ஞாயித்துக்கெழம கோயில்ல போயி எல்லாரும் ஒண்ணுன்னு பாடிட்டு, வீட்டுக் கொல்லையில சில பேருக்குன்னு தனி டம்ளர் வச்சிருந்த குடும்பம் எங்களுது. மறுநாளாவது எடுத்துக் குடிச்சிருக்கலாம். மொத நாளு தொடாதவன் மறுநா எந்த மொகத்தோட எடுக்க? அப்பிடியே நாளு ஓடிட்டு.

– இத்த சொல்ல இம்மாம் நாளா மாமா?

– ராத்திரி இதுகிட்டச் சொல்லுவேன். கேட்டுக்கிட்டுக் கெடக்கும்.

– எனக்குக் கோவம் கீது. நீங்க சொல்லிட்டீங்கன்னு அது பூடாது. ஆனா மூடி மறைக்காம சொன்னீங்க, அத்தயும் வச்சிக்கறேன்.

– கோவப்படு. வேண்டாம்ங்கல. அதுக்காவ நாயப் பிரிச்சிராத.

– இன்னாது?

– நெசத்தச் சொல்லிருதேன். மெத்தைக்கு நாய் ஆவாதுன்னு அன்னைக்குச் சொன்னேன் பாரு, அது அருவருப்புல இல்ல. ஒங்களுக்கு நீங்க ரெண்டு பேரு இருக்கிய. ஒங்க அத்தை கிருபை போனப்பொறவு என் கட்டில்ல அந்தப் பக்கம் சில்லுன்னு கெடக்கு. பொரண்டு கையப் போட்டா ஒண்ணும் இல்ல. 'ராத்திரிக்கு அந்த நாய எனக்குத் தால'ன்னு மகன்கிட்ட எப்பிடிக் கேக்க? அதான் ஒங்க ரூமவிட்டு வெளிய போடச் சொன்னேன். வெளிய போட்டா எங்கிட்ட வரும்லா.

– அப்ப எறும்பு?

– எறும்பும் இல்ல, ஒரு எழவும் இல்ல.

– சொரண்டுச்சுன்னீங்களே?

– சொரண்டும். நான் தொறக்கக் கொஞ்சம் நேரமானா.

– ஐய மாமா! கேட்டிருந்தா நானே கொண்டாந்து வுட்டிருப்பேனே!

– கேக்கத் தெரியல.

– ஆனா எனக்கும் அது வேணும். வெளாட்டுக்குச் சொல்லல. அது இல்லாங்காட்டி காலாண்ட வெறிச்சுனு கீது. தூங்குனா அரைகொறையா முழிச்சிக்கறேன்.

– இருக்கது ஒரு நாயி. என்ன செய்ய?

– ரெண்டு ரூம் கதவையும் தொறந்து வுட்டுடலாம். எங்க படுக்குதோ அது இஷ்டம். ஆனா யாரும் கூப்டக் கூடாது, பிஸ்கட்டு காட்டக் கூடாது.

– பிஸ்கட்டா? நான் எங்க...

– தலகாணி ஒறைக்குள்ள தூளு கீது மாமா.

– சரி, காட்டல. நீ மட்டும் கால்மாட்டுல அத்தன ஆசையா வச்சிருக்கியே, அப்பிடி என்ன ஒட்டுதல்? எனக்காவது ஆளு இல்ல.

– அத்த சொல்லணும்னா அத்தையாண்ட குடுத்த வார்த்தைய மீறணும்.

– கிருபைகிட்டயா? என்ன வார்த்த?

– உங்களாண்ட சொல்லமாட்டேன்னு. சரி, அவங்களே இல்ல. கேளுங்க. எனக்கு வயித்துல இருந்தது தங்காம பூட்ச்சு, கல்யாணமான புதுசுல. பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்கப் போவேன் இல்ல, அத்தயும் வுட்டுட்டேன். கிரவுண்டுலேர்ந்து பசங்க ஃபோன் பண்ணா எடுக்கமாட்டேன். படுத்தா தூக்கம் வராது, எழுந்தா நிக்க முடியாது. ஜெபா பக்கத்துல குந்திகினு அழுவாரு. அப்பதான் ஒரு வெள்ளிக்கெழம அத்தை வந்தாங்க.

– இங்கயா?

– இங்கதான். அதுக்கு முன்னாலயும் வருவாங்க. உங்களாண்ட ஜெபக்கூட்டம்னு சொல்லிட்டு வெள்ளிக்கெழமைல வந்துடுவாங்க. நம்ம அடுப்பாண்ட குந்திகினு எறா தொக்கு ஊத்தி சாப்டுவாங்க. அவங்கள கோச்சிக்காதீங்க மாமா.

– எறா தொக்குதானா அது!

– இன்னா?

– வெள்ளிக்கெழம ராத்திரின்னா எனக்குப் பசிக்கலம்பா. கையில ஒரு வாசம் அடிக்கும். என்ன கறின்னு என்னால கண்டுபிடிக்கவே முடியல.

– அப்ப உங்களுக்குத் தெரியுமா?

– ஜெபக்கூட்டத்துல எறா யாரு குடுக்கா? நீ மிச்சத்தச் சொல்லு.

– அன்னிக்கு வந்து பையத் தொறந்தாங்க. உள்ள இம்மாத்தூண்டு குட்டி. கண்ணு அப்பத்தான் தொறந்தமாரி கீது. வழியில கெடந்துச்சுன்னாங்க. நேரா என் போர்வைக்குள்ள வுட்டாங்க. 'ஐய, மெத்த மேலயா அத்தை'ன்னேன். 'இருக்கட்டும் மக்ளே'ன்னாங்க. அது என் வயித்தாண்ட வந்து ஒட்டிகினு சூடா படுத்துச்சு. அன்னிக்குத்தான் மாமா நான் தூங்கனேன். மறுநா நானே எழுந்து டீ போட்டேன். அதுக்குப் பாலு குடுக்கணுமே, எழுந்துதானே ஆவணும். இன்னா ஒண்ணு, அத்தைக்கு எப்டி அது தோணுச்சுன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல. அவங்க நாயத் தொடவே மாட்டாங்க. அந்தப் பையயே கைய நீட்டித் தூரமா புடிச்சிகினு வந்தாங்க.

– தொட மாட்டா. சின்னதுல ஒரு நாயி கடிச்சதுலருந்து அவளுக்குப் பயம்.

– பின்ன எப்டி தூக்கிகினு வந்தாங்க?

– வண்ணாரப்பேட்டையில நம்ம கடை குடோன் இருந்துச்சுல்லா. நைட்டி மூட்டைக்கு நடுவுல ஒரு தெருநாயி குட்டி போட்டுட்டு, லாரியில அடிபட்டுட்டு. ஒண்ணே ஒண்ணுதான் பொழச்சுது. வீட்டுக்குக் கொண்டாந்தேன். கிருபை பயந்து, கட்டில எனக்கும் அதுக்கும் விட்டுட்டுத் தரையில படுத்துக்கிட்டா. ஒன்னக் கட்டிக்கிட்டு ஜெபா வீட்டவிட்டுப் போனதுலருந்து எனக்கு ஒறக்கம் கெடயாது. அந்தச் சவம் நெஞ்சு மேல ஏறிப் படுத்துச்சு பாரு, விடிஞ்சதே தெரியல.

– மாமா...

– மறுநா கிருபை, ஜெபக்கூட்டத்துல கேள்விப்பட்டேன்னு ஒன் சங்கதியச் சொல்லி அழுதா. அந்தப் புள்ள ஒறங்கவே இல்லியாம்னா. எனக்கு இந்தப் படி ஏறக் காலு வரல, எழில். அதான், ஜெபக்கூட்டத்துக்கே இதையும் கொண்டு போன்னு பையில வச்சு அவ கையில குடுத்தேன்.

– வழியில கெடந்துச்சுன்னாங்களே மாமா.

– அப்பிடிச் சொல்லச் சொன்னதும் நாந்தான். 'தரையில விட்டுராத, அந்தப் புள்ள படுக்கையில கொண்டு போடு'ன்னு சொல்லி அனுப்பினதும் நாந்தான்.