பச்சைத் துணி கட்டிய மைக்

ஈரக் கையோடு மைக்கைத் தொடக்கூடாது என்று என் குழுவில் சேர்கிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். இத்தனை வருஷம் இன்னிசைக் குழு நடத்தியதில் ஒருவருக்கும் சின்ன ஷாக் கூட அடித்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

செத்துப்போன சாய்பிரசாத் என் தங்கை சீதாலட்சுமியின் மகன். தகப்பன் இல்லாத பிள்ளை. கே.கே. நகரில் என் வீட்டில்தான் வளர்ந்தான். குரலைக் கடவுள் கொடுத்தார், சங்கீதத்தை நான் கொடுத்தேன். திருவிழா என்றால் ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வந்ததே அவன் பாட்டுக்காகத்தான். அவன் இல்லையென்றால் என் குழு வெறும் பெட்டிகளும் வயர்களும்தான்.

அருள்பாண்டி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி மகன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அறிவிப்புச் செய்ய வந்தவன். தொண்ணூற்றேழில் ஒரு கச்சேரிக்குக் கீபோர்டுக்காரர் வரத் தாமதமாகிவிட்டது. கூட்டம் கலையாமல் இருக்க, இந்த இரண்டு பேரும் டிரம்ஸ் அடிக்கு ஏற்றபடி மாறி மாறிப் பேசினார்கள். தண்ணீர் வராத குழாய், பஸ் கண்டக்டர், பரீட்சையில் பெயிலானது என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள். கூட்டம் விசிலடித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

மதுரையில் அதுவரை அப்படி யாரும் செய்ததில்லையாம். தங்களுக்கு ‘எதிர்ப்பேச்சு’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அருள்பாண்டி ராகமே தேவையில்லை என்றான். பாடத் தெரிந்த என் மருமகனும் அதற்குத் தலையாட்டினான். கோரிப்பாளையத்துக் கடைகளில் அவர்கள் கேசட் அலறியது. டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு வரியாக அந்த உளறலை ஒப்பித்தார்கள். தெருவுக்கு இரண்டு பேர் கிளம்பினார்கள். ஊரே வாயாடியாகிவிட்டது. என் கச்சேரியில் நான் கீர்த்தனை தொடங்கினால், “எதிர்ப்பேச்சு எப்ப?” என்று முன்வரிசையிலேயே கேட்டார்கள்.

பிறகு சென்னையில் ஒரு கேசட் கம்பெனி இருவரையும் கூப்பிட்டது. வீட்டில் எங்கள் சௌராஷ்டிர மொழியில் பேசுகிற சாய்பிரசாத், அன்று அருள்பாண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் தமிழில் சொன்னான்.

“மாமா, நான் இனிமே அருளுகூடத்தான் போறேன். ஒங்க பாட்டப் பாட எம்புட்டோ பேரு இருக்காங்க. எங்க பேச்சப் பேச நாங்க ரெண்டு பேருதான இருக்கோம்.”

நான் கோபப்படவில்லை. இரண்டு பேர் இருப்பதால்தானே இந்தத் தொல்லை, ஒருவன் போதும் என்று தோன்றியது. முள்ளை எடுத்துவிட்டால் கால் தானாக நடக்கும். பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

சென்னைக்குப் போகுமுன் கடைசி நிகழ்ச்சி, மேற்கே ஒரு கிராமத்து மாரியம்மன் திருவிழாவில். என் குழுவில் ஆளுக்கொரு மைக், அடையாளத்துக்கு ஒரு துணி. அந்த ஒழுங்கு நான் கொண்டுவந்தது. சாய்பிரசாத்துக்குச் சிவப்பு, அருள்பாண்டிக்குப் பச்சை. பச்சைக்குத் தனி ஆம்ப்ளிஃபயர். செய்ய வேண்டியதைக் காலையிலேயே அதில் செய்து வைத்தேன். ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும்.

அன்று மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் முறைக்காரர்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரையும் குடத்தோடு குளிப்பாட்டித்தான் மேடைக்கு அனுப்பினார்கள். வெறுங்காலோடு, சொட்டச் சொட்ட ஏறினார்கள். ஈரக் கையைப் பற்றி அன்று நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசிப் பாட்டுவரை பொறுத்திருந்தேன். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை நான் பாதியில் நிறுத்தியதில்லை. அவர்கள் ஏறினால் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பது என் வழக்கம். மரியாதை தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். அப்படி நின்றபடியே சுவிட்சைத் தட்டினேன். சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பச்சைத் துணி சாய்பிரசாத்தின் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அருள்பாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். யார் கொடுத்த உரிமையோ.

“கடைசிப் பாட்டுல மைக்க மாத்திக்கிருவோம்ல மாமா? ஏம் பேச்ச அவன் பேசுவான், அவன் பேச்ச நான் பேசுவேன். மொத நாள்ல இருந்தே அப்படித்தான. இத்தன மேடையில பின்னால நின்னீகளே, ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது, சார். அவர்கள் பாட்டு ஒன்றைக்கூட நான் கடைசிவரை கேட்டதில்லை. கேட்கும்படி அதில் என்ன இருந்தது?

அருள்பாண்டிக்கு வைத்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சாய்பிரசாத்தை நான் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். தன் மைக்கைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாத அந்தக் கெட்ட பழக்கம்தான் என் பிள்ளையைக் கொன்றது.