கிறிஸ்துமஸ் அன்று துணி துவைத்தேன்

ஓடுகிறோம். நான் பார்த்துக்கொள்ளும் தாத்தா சக்கர நாற்காலியில். நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன். சைரன் ஆரம்பித்தால் எங்களுக்குத் தொண்ணூறு வினாடி. லிஃப்ட் கூடாது. ஆறாவது மாடியின் படிக்கட்டுச் சுவர்தான் பாதுகாப்பு. காலை ஆறு நாற்பது. கீழேயிருந்து யாரோ கத்துகிறார்கள். "ஜன்னல் பக்கம் நிக்காதே!" அந்த ஊர் பாஷையில் எனக்கு முதலில் புரிந்த வாக்கியமே அதுதான்.

ஏவுகணை மேலேயே வெடித்தால் "டப்". காதுக்கு வரும். தரையில் விழுந்தால் முதலில் உள்ளங்காலுக்கு வரும், பிறகுதான் காதுக்கு. அன்று உள்ளங்காலுக்கு வந்தது. மூன்றாவது மாடியில் இருந்த பெண் பூனையை எடுக்கத் திரும்பிப் போனாள். அவளை அப்புறம் நான் பார்க்கவில்லை. நானும் தாத்தாவும் பிழைத்தோம். முந்தின நாள் மாலைதான் ரேடியோவில் சொன்னார்கள். இனி பயமில்லை, பள்ளிக்கூடங்களைத் திறக்கலாம்.

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவள் நான். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீ எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். நான் நாற்காலிக்குப் பின்பக்கம். வேலை முடிந்து வரும்போது ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். யாராவது பயமில்லை என்று சொன்னால் படிக்கட்டு எங்கே என்று பார்ப்பேன்.

டிசம்பர் 22. பெங்களூர், காக்ஸ் டவுன். வாசலில் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. வீட்டில் அம்மா, தம்பி சாலமன், நான். டிவியில் செய்தி. அம்மா கிறிஸ்துமஸ் பலகாரமான குல்குலுக்கு மாவு பிசைந்துகொண்டே எந்த ஊரில் எது விழுந்தது என்று பார்க்கிறாள். "ஐயோ பாவம்" என்கிறாள். "உப்பு போட்டேனா?" என்கிறாள். சாலமன் எல்லாப் போரையும் பார்க்கிறான், ஒன்றைத் தவிர. பனி கொட்டும் ஒரு ஊரின் போர் திரையில் வந்தால் ரிமோட்டை எடுக்கிறான். கேரல் பாட்டுக்கு மாற்றுகிறான். மூன்று முறை கவனித்தேன். நான்காவது முறைக்காகவே டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். மாற்றினான்.

அவனுக்கு வேலை போய் ஏழு மாதம். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். கூட வேலை பார்த்தவன் முருகேஷ், ஈஜிபுராவில் வாடகைக்கு இருப்பவன். இருவரையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். இப்போது சாலமனுக்கு வளைகுடாவில் கிடங்கு வேலையாம். இந்த மாதக் கடைசியில் ஃப்ளைட். சர்ச்சில் பழக்கமான ஏஜென்ட் ஒருவர் ஏற்பாடு.

டிசம்பர் 23. கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். ஒரு துணிப்பை. உள்ளே கம்பளி உள்ளாடை இரண்டு ஜோடி. காதை மூடும் குல்லா. தடித்த கையுறை. எல்லாம் புதுசு. வளைகுடாவில் மனுஷன் வெயிலில் வெந்துபோகிறான். அங்கே போகிறவனுக்குக் கம்பளி எதற்கு? பைக்கு அடியில் ஒரு படிவத்தின் நகல். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் எனக்குத் தெரியாத எழுத்து. ரத்த வகை கேட்டிருந்தார்கள். ஏதாவது ஆனால் யாரிடம் ஒப்படைப்பது என்றும் கேட்டிருந்தார்கள். எதை ஒப்படைப்பது என்று எழுதவில்லை.

சாலமனைக் கேட்டேன். "கெடங்கு முழுக்க ஏசிக்கா. ஃப்ரீசர் மாதிரி இருக்குமாம்." பேசும்போது சுவரைப் பார்த்தான். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோலார் தங்கவயலில் பிறந்தவள். "எங்கப்பா தினமும் பூமிக்குள்ள எறங்கி ஏறினாரு. இவன் ப்ளேன்ல போறான். நீ அங்க போய் வந்ததுலேர்ந்து பாலப் பார்த்தாலும் சுண்ணாம்புத் தண்ணிங்கற." அதுவும் பொய்யில்லை.

டிசம்பர் 24. முருகேஷ் மனைவி லட்சுமியோடு வந்தான். வருஷா வருஷம் வருவார்கள். எல்லோரும் பேப்பர் விரித்து உட்கார்ந்து முள்கரண்டியின் முதுகில் மாவை உருட்டினோம். முருகேஷ் உருட்டுவது மட்டும் எப்போதும் புழு மாதிரி இருக்கும். லட்சுமி அவனைக் கிண்டல் செய்தாள். நான் சாலமனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

டிசம்பர் 25. விடியற்கால ஆராதனை முடிந்து வந்தோம். தெருவில் சரவெடி. ஒருமுறை சுவரோரம் ஒதுங்கினேன், மற்றபடி ஒன்றுமில்லை. பதினொன்று இருபதுக்கு ஏஜென்ட் பிளம் கேக்கோடு வந்தார். பிரியாணிக்கு வந்த முருகேஷும் லட்சுமியும் மேசையில் இருந்தார்கள். "ஒரு சின்ன ஜெபம் பண்ணிடலாமே" என்றார் ஏஜென்ட். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அவரும் மூடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆமென் சொன்னோம்.

கேட்டேன். "அங்க குளிருமா?"

"உள்ள ஏசி, சிஸ்டர்."

"பிளட் குரூப் எதுக்கு?"

"இன்சூரன்ஸுக்கு."

"போருக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் இருக்கா?"

"சேச்சே. பயப்படறதுக்கு ஒண்ணுமேயில்ல, சிஸ்டர்."

மூன்று கேள்வி. ஒன்றுக்கும் அவர் யோசிக்கவில்லை. உண்மை சொல்கிறவன் கொஞ்சமாவது தடுமாறுவான். சாலமனின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் காலை மெடிக்கல் டெஸ்ட் முடித்து, பத்து மணிக்கு அதைக் கையில் கொண்டுவந்து தரச் சொன்னார். சாலமன் அதைப் புதுப் பேண்ட்டின் பின்பாக்கெட்டில் வைத்தான்.

மதியம் இரண்டு மணி. விருந்தாளிகள் போய்விட்டார்கள். சாலமன் லுங்கிக்கு மாறித் தூங்குகிறான். பேண்ட் நாற்காலியில். எடுத்தேன். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தேன். ஒரு மணி நேரம். பிறகு கல்லில் அடித்தேன். நன்றாகவே அடித்தேன். அம்மா பின்வாசலில் வந்து நின்றாள்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கி யாராச்சும் துணி தோய்ப்பாங்களாடி?"

நான் அலசித் தண்ணீரைக் கொட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கூழாகிப்போன பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சாலமன் கத்துவான் என்று நினைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன். நம்பினான். அப்போதுதான் சொன்னான். வளைகுடா இல்லை. பனி கொட்டும் அந்த ஊர்தான். "சண்டை நடக்கற எடம் இல்லக்கா. ரொம்பப் பின்னாடி. கிச்சன் வேலைதான்." பின்னாடி என்று ஓர் இடம் போரில் கிடையாது. ஆறாவது மாடியில் நான் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்று எனக்கு நிம்மதி. மீதியிருந்த பிரியாணியைச் சூடு பண்ணி இரண்டு தட்டு சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டிசம்பர் 27. காலை ஒன்பது மணி. முருகேஷ் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "சாலமன் எடத்துக்கு என்னைக் கூப்பிட்டுட்டாங்கக்கா. என் பாஸ்போர்ட் எப்பவோ எடுத்து வச்சது." கம்பளிப் பையை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தான். கையுறை சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தான். இருந்தது.

அது போர் நடக்கிற ஊர், போகாதே என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால், தெரிந்தேதான் துவைத்தாயா என்று கேட்பார்கள். சாலமன் பக்கத்திலேயே நின்றான். என் வீட்டுப் பிள்ளை தப்பித்தான், அது போதும் என்றும் உள்ளே ஒரு குரல். "பாத்துப் போப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜனவரியில் இரண்டு முறை போன் செய்தான். முதல் முறை சாப்பாடு பரவாயில்லை என்றான். இரண்டாம் முறை குரல் மாறியிருந்தது. "கிச்சன்னு சொன்னாங்க. துப்பாக்கி புடிக்கச் சொல்லித் தராங்கக்கா. பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டேனாம், திரும்ப முடியாதாம். போனை நாளைக்கு வாங்கிக்குவாங்களாம். லட்சுமிகிட்ட சொல்லாதீங்க." நாற்பது வினாடி. அதற்குப் பிறகு அந்த எண் போகவில்லை. ஏஜென்ட்டின் எண்ணும் போகவில்லை.

சாலமனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேண்ட்டையும் சேர்த்து. "எனக்கு மட்டும் செஞ்சியேக்கா" என்றான்.

லட்சுமி ஒவ்வொரு அலுவலகமாக மனு கொடுக்கிறாள். எதிலிருந்தும் பதில் வரவில்லை. போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. "அக்கா, அன்னிக்கி அந்த ஆளை அவ்ளோ கேள்வி கேட்டீங்களே. உங்களுக்கு முன்னாடியே ஏதாச்சும் தெரியுமா?" அம்மா என்னைப் பார்த்தாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

கணக்கு இது. காக்ஸ் டவுனில், எங்கள் வீட்டில் போனவை: ஒரு பாஸ்போர்ட். ஒரு புதுப் பேண்ட். சாலமன் முழுசாக இருக்கிறான், ஓசூர் ரோட்டில் வேறு வேலைக்குப் போகிறான். என்னோடு பேசுவதில்லை.

ஈஜிபுராவில், லட்சுமி வீட்டில் போனது: முருகேஷ். வயது முப்பத்தொன்று. இறந்தான் என்று எழுத என்னிடம் ஆதாரமில்லை. இருக்கிறான் என்று எழுதவும் இல்லை.

லட்சுமியிடம் சொன்னது பொய். எனக்கு முன்பே தெரியும். அவள் நன்றாகத் தமிழ் படிப்பாள். இந்தத் தாள்களை நாளைக் காலை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடமாட்டாள். அதையும் போனவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.