நாற்றம் வந்தால் அழைக்கவும்

— இல்ல ரிஷி தம்பி, இன்னைக்குச் சத்தியமா இறால் பெலாச்சான் வறுத்த வாடை இல்ல. எங்க வீட்டுல சமையலே கிடையாது. வாழைப்பழத்தத் தின்னுட்டு போனும் கையுமா உக்காந்திருக்கேன்.

— புஷ்பவல்லி ஆன்டி, போன வாரமும் இப்படித்தான் சத்தியம் பண்ணீங்க. மாஸ்க், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு ஓடி வந்தேன். கடைசியில என்ன? பக்கத்து வீட்டு டுரியான் பழத் தோலு.

— டுரியானும் நாத்தம்தானே? உங்க பெயிண்ட் ஃபேக்டரி கேட்டுல போர்டு மாட்டினது யாரு? நீதான். "நாற்றம் வந்தால் அழைக்கவும், சேஃப்டி ஆபீசர் ரிஷி." என்ன நாத்தம்னு போடலயே.

— அந்த போர்டையே கழட்டச் சொல்றாரு பாஸ். "சட்டத்துல இல்ல, கவர்மெண்டும் கேக்கல, நாமளா எதுக்கு இழுத்து விட்டுக்கணும்?"ங்கிறாரு. அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு நாமளா குடுத்த வாக்குன்னு கெஞ்சி நிறுத்தி வச்சிருக்கேன். இன்னொரு தடவை சும்மா ஓடினேன்னா, போர்டும் போச்சு, என்னையும் தூரத்துல டெங்கில்ல இருக்கிற ஸ்டோருக்கு மாத்திடுவாரு லா.

— சும்மா இல்லப்பா! நகப்பூச்சு அழிப்பாங்களே, அந்த மாதிரி. வீட்டு முன்னால ஓடுற லோங்காங் சாக்கடையில இருந்து குப்குப்னு ஏறுது. அங்க சுங்கை வே ஊர்ல இருக்கிற என் மகளுக்கே அடிக்கும் போல.

— பெயிண்ட்ல கலக்குற தின்னரா? இருங்க, வரேன். உங்க வீட்டு கேட்டுகிட்ட நில்லுங்க.

— வந்துட்டியா. கையில என்னப்பா, ரேடியோவா?

— கேஸ் மீட்டர் ஆன்டி. அடச்சே, பேட்டரி செத்துப் போச்சு. பரவால்ல, நீங்க முன்னால நடங்க. எந்தப் பக்கம் கூடுதோ சொல்லுங்க.

— நானா? நான் என்ன போலீஸ் நாயா?

— ப்ளீஸ் லா ஆன்டி.

— சரி சரி, வா. இங்க கம்மி. இங்க கொஞ்சம். உங்க ஃபேக்டரி வேலி ஓரம் வா... அம்மாடி, கண்ணு எரியுது! இந்த டிரம்முங்கதான்.

— எந்த டிரம் ஆன்டி?

— நீ கை வச்சிட்டு நிக்கிறியே, அதேதான்!

— ஐயோ, ஆமா. சாஞ்சு கிடக்கு, மூடி வழியா ஒழுகி நேரா லோங்காங்குக்குப் போகுது. ஆன்டி, அந்தக் கடைசியில என்ன புகை?

— நாகையா அண்ணன். லோங்காங் ஓரமாத்தான் எப்பவும் குப்பை கொளுத்துவாரு.

— தின்னர் குபீர்னு பத்திக்கும் ஆன்டி! ஓடுங்க, அணைக்கச் சொல்லுங்க! நான் இதப் பாக்குறேன்.

— நாகையா அண்ணே! நெருப்ப அணைங்க! எதுக்கா? தெருவே எரியப் போவுது, அதுக்குத்தான்! அந்தக் கார் கழுவுற வாளிய எடுங்க. முழுசா ஊத்துங்கண்ணே, தண்ணிக்கு என்ன கஞ்சத்தனம்? தள்ளுங்க, நான் ஊத்துறேன்!

— அணைஞ்சிருச்சா ஆன்டி?

— அணைஞ்சிருச்சு. நாகையா அண்ணனும் தொப்பலா நனைஞ்சிட்டாரு. உன் பக்கம்?

— டிரம்ம நிமித்தியாச்சு. லோங்காங்க மணல் மூட்டையால மறிச்சாச்சு. உள்ள இருந்து ஆளுங்க அள்ள வந்துட்டாங்க. பாஸே ஓடி வந்தாரு.

— என்ன சொன்னாரு?

— புகையப் பாத்தாரு, லோங்காங்கப் பாத்தாரு, மூஞ்சி வெளுத்துப் போச்சு. போர்டக் கழட்டாத, இன்னும் பெரிசா எழுதுன்னுட்டாரு. இனிமே டிரம் எல்லாம் உள்ளதான். உங்களுக்கும் தேங்க்ஸ் சொன்னாரு ஆன்டி.

— அது கிடக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம். எனக்குத் தெருவுல நிக்கிறப்பவே தலை சுத்துச்சு. நீ டிரம் மேலயே கை வச்சிட்டு எந்த டிரம்னு கேக்குற. அவ்ளோ நாத்தம் உன் மூக்குல ஏறலயா?

— மெதுவா ஆன்டி, பாஸ் அங்கதான் நிக்கிறாரு. கோவிட் வந்து போனதுல இருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாது.