இனிமே நிக்காதுக்கா

இல்ல சார், கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? போடறேன். பேனாவை அங்கயே வைங்க, உருண்டு விழுந்துடப் போகுது. கொஞ்சம் பேசிட்டுப் போடறேன், அவ்வளவுதான். மணி என்ன? நாலு பத்தா? சரி, நேரம் இருக்கு.

நீங்க படிச்சீங்களே ஒரு வரி, போதிய படிப்பறிவு இல்லாத ஊழியரின் கவனக்குறைவு. நல்லாத்தான் எழுதியிருக்கான். சின்ன வயசுலயே அவனுக்குக் கட்டுரை நல்லா வரும்.

யாரா? அடியில பேர் போட்டிருக்கே சார். உங்க ஸ்கேன் சென்டரோட ஆறு கிளைக்கும் கம்ப்யூட்டர் பாக்கறவன். அவன் என் கூடப் பொறந்த தம்பி. ஏன் முழிக்கறீங்க, தலைமை ஆபீஸ்ல சொல்லலையா அவன்? அதுசரி. எதுக்குச் சொல்லப் போறான்.

அவன் பொறந்தப்ப எனக்குப் பதிமூணு. அம்மா வேலைக்குப் போகணும், குழந்தையை யாராவது இடுப்புல வெச்சுக்கணுமில்ல. எட்டாவதோட என்னை நிறுத்திட்டாங்க. அதனால படிப்பறிவு இல்லைங்கறது வாஸ்தவம்தான். ஏன் இல்லைங்கறதை மட்டும் எழுதாம விட்டுட்டான்.

சொல்றேன் சார், விஷயத்துக்குத்தான் வர்றேன். இங்க காலையிலேருந்து எடுக்கற ஸ்கேன் படமெல்லாம் மெஷின்லயே இருக்கும். அதுல இடம் கம்மி. சாயங்காலம் எல்லாத்தையும் இந்தக் கறுப்புப் பெட்டிக்கு நகல் எடுத்துட்டு, மெஷின்ல இருக்கறதை அழிச்சுடணும். அதுக்கு அவன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தான். வரிசையா நாலஞ்சு கட்டளை, அவ்வளவுதான். நான் அதோட பேரைத் தட்டி எண்டர் அடிச்சா ஒண்ணு மாத்தி ஒண்ணா அதுவே செஞ்சுக்கும்.

எனக்கு என்ன தெரியும்னு நினைக்கறீங்கல்ல? அவனேதான் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தான். அக்கா, ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு நம்பரை விட்டுட்டுப் போகும், பூஜ்யம்னா நல்லபடியா முடிஞ்சுது, வேற எதுவா இருந்தாலும் கோளாறுன்னான். நான் சொன்னேன், என்னடா இது, நான் படிச்சப்ப முட்டை வாங்கிட்டுப் போனா முதுகுத் தோலை உரிச்சுடுவாங்களேன்னு. விழுந்து விழுந்து சிரிச்சான். அப்புறம் சொன்னான், அந்த நம்பரை யாரும் பாக்கலைன்னா கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிடும்க்கா. அடுப்பு பத்தலைன்னாக்கூட பாத்திரத்தை ஏத்தி இறக்கிட்டு, சாப்பிட வாங்கன்னு கூப்பிடும். அதனால பத்தலைன்னா அதோட நில்லு, வெளிய வந்துடுன்னு எழுதணும்.

அப்படித்தான் எழுதினான். இதோ, இந்தக் கண்ணாடிக்கு அடியில இருக்கே, இதான் அவன் அன்னிக்கு பிரிண்ட் எடுத்துக் குடுத்த தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எனக்காகப் பேனாவால தமிழ்ல எழுதியிருக்கான் பாருங்க. இது நகல். இது, நகல் ஆகலைன்னா நில்லு. இது அழிக்கறது. எல்லாம் சரியா வந்தா திரையில கடைசியா, எல்லாம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போக்கான்னு வரும். வரலைன்னா சிவப்புல, நில்லுக்கா, எனக்கு போன் பண்ணுன்னு வரும். பாசமாத்தான் இருந்தான் சார். நான் இல்லைன்னு சொல்லலை.

நின்னுச்சு. அப்பப்ப நிக்கும். வயர் லூசா இருக்கும், பெட்டி முழிச்சுக்காது. நான் போன் பண்ணுவேன், அவன் சொல்லச் சொல்ல சரி பண்ணி மறுபடி ஓட்டுவேன். முதல் ஆறு மாசம், சொல்லுக்கா. அப்புறம், என்னக்கா. அப்புறம் போனை எடுத்ததும் ஒரு பெருமூச்சு. ஒருநாள் சுள்ளுன்னு விழுந்தான், மீட்டிங்ல இருக்கேன், இதுக்கெல்லாமா கூப்பிடுவேன்னு. நீதானேடா எழுதி வெச்சிருக்கேன்னேன். மறுநாள் வந்தான். உக்காரக்கூட இல்லை. காதுல போனை வெச்சுக்கிட்டு நின்னபடியே ரெண்டு நிமிஷம் தட்டினான். இனிமே நிக்காதுக்கா, நிம்மதியா இருன்னுட்டுக் கிளம்பிட்டான்.

அதே மாதிரி நிக்கவே இல்லை சார். நாலு மாசம். தினமும், எல்லாம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போக்கா. நானும் பைத்தியம் மாதிரி, போறேண்டான்னு திரையைப் பாத்துச் சொல்லிட்டுப் பூட்டுவேன்.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தாரு. டாக்டர் அவரோட பழைய படத்தை எடுன்னாரு. பெட்டியைத் திறந்தா ஒண்ணுமே இல்லை. அவரோடது மட்டுமில்லை, நாலு மாசத்துல யாரோடதும் இல்லை. பெட்டி எப்பவோ செத்துப்போச்சு, லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டிருந்திருக்கு. நகல் ஆகவே இல்லை, அழிக்கறது மட்டும் தினமும் தவறாம நடந்திருக்கு. மெஷின்லேருந்தும் மீட்க முடியாதாம், அது மேலயே தினம் புதுசு ஏறிடுச்சாம்.

தம்பி ஓடி வந்தான். திரையைப் பாத்ததும் மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் டாக்டர் காதுல விழற மாதிரிக் கேட்டான், கூட்டறப்ப வயரைப் பிடுங்கினியாக்கான்னு. நான் இடுப்புல தூக்கி வளத்த புள்ள சார். அவன் கண்ணைப் பாக்காம பேசினா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

அவன் போனதும் அந்த ஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்தேன். இந்தத் தாளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஆறு வித்தியாசம் கண்டுபிடின்னு புஸ்தகத்துல வருமே, அப்படி எழுத்து எழுத்தா ஒத்துப் பாத்தேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. வித்தியாசம் ஆறெல்லாம் இல்லை, ஒண்ணுதான். நகல் எடுக்கற வரி முடியற இடத்துல ரெண்டு நெட்டுக் கோடு, அப்புறம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. ட்ரூ. நீங்களே பாருங்க, இந்த வரி. நகல் ஆகலைன்னாலும் ஆச்சுன்னே வெச்சுக்கோ, பூஜ்யம் குடுத்துடுன்னு அதுக்கு அர்த்தமாம். எதிர்த்த கடையில ஜெராக்ஸ் எடுக்கற பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சவ, அவதான் சொன்னா.

நிக்காதுன்னா கோளாறு சரியாயிடுச்சுன்னு நான் நினைச்சேன். அவன் கோளாறைத் தொடவே இல்லை. நிக்கறதைத்தான் எடுத்திருக்கான். நான் போன் பண்ணக் கூடாது, அவ்வளவுதானே வேணும் அவனுக்கு? அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தா நான் பண்ணாமலே இருந்திருப்பேனே சார்.

தண்ணி வேணாம், இருக்கட்டும்.

காலையில அவன் பேசினான். உன்னை என்னக்கா பண்ணிடப் போறாங்க, படிக்காதவதானேன்னு விட்டுடுவாங்க, எனக்குன்னா ஆறு கிளையும் போயிடும், போட்டுடுன்னான். சரிடான்னுட்டேன். வாய் பழகிப்போச்சு. அவனுக்கு முட்டியில அடிபட்டா என் கால் தானா நொண்டும், அப்படியே வளந்துட்டேன். இந்த ரூமுக்குள்ள வர்றப்பக்கூடப் போடத்தான் வந்தேன்.

மணி என்ன? நாலு இருபத்தஞ்சா? நான் எந்திரிக்கணும் சார்.

இல்லை, பேனா வேணாம். உங்க கடுதாசியில நான் போடலை. வேணும்னா இந்தப் பழைய தாளை எடுத்துக்கிட்டுப் போங்க. அதுல இருக்கறது அவன் கையெழுத்துதான்.

எங்கயும் ஓடிடலை, இதோ பக்கத்து ரூமுக்குத்தான். நாலரைக்கு எனக்கு ஸ்கேன். வயித்துல ஒரு கட்டி. மூணு மாசம் முன்னாடியும் இங்கதான் எடுத்தாங்க. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, மூணு மாசம் கழிச்சு வா, ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வளந்திருக்கான்னு பாக்கலாம்னாரு டாக்டர். தம்பிகிட்டச் சொல்லலை. போன் பண்ணினாலே பெருமூச்சு விடறவன்கிட்ட என்னத்தைச் சொல்றது.

அந்த முதல் படம் எடுத்த அன்னிக்குச் சாயங்காலமும் நான்தான் சார் எண்டர் தட்டினேன். எல்லாம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போக்கான்னுச்சு. நானும் போனேன்.