புகைக்குச் சொந்தக்காரன்

அதுக்கில்ல தம்பி, குறை நினைக்காதீங்க. ஊடு கட்டின புகைய எப்புடிக் கிலோவில நிறுக்கிறதெண்டுதான் கேட்டன். மீனை நிறுப்பம், நெல்ல நிறுப்பம். வானத்துக்குப் போன புகையக் கூப்பிட்டுத் தராசில இருத்துவீங்களா? ஓ, கணக்குப் பாத்து எழுதுறதா. சரி சரி, எழுதுங்க. பேரு முத்தலிப். தொழில் மேசன் வேல. ஊடு என்ட பேரில இல்ல, மகள் அப்னாடது. எங்கட சாய்ந்தமருதில அதுதானே வழக்கம். பொம்புளப்புள்ளைக்கு ஊட்டக் கட்டி எழுதிக் குடுத்துப்போட்டு, மாப்புள வந்து அதில குடியிருப்பாரு, உம்மாவும் வாப்பாவும் பின்னால குசினிப் பக்கம் ஒதுங்கிருவம்.

ஊடு முடிஞ்சிது, கறண்டுதான் இல்ல. போஸ்ட்டு பள்ளிவாசல் மூலையோட நிண்டுட்டு. மாப்புள ஊட்டார் சொல்லிப்போட்டாங்க, லைட்டு எரியாத ஊட்டுக்கு எங்கட புள்ளய அனுப்ப மாட்டமெண்டு. ஆகக் குறைஞ்ச புகையில கட்டின ஊட்டுக்கு வெயிலால எரியிற லைட்டுப் பூட்டித் தருவீங்களெண்டு உங்கட நோட்டீசு வந்திச்சா, அண்டையிலிருந்து என்ட பொஞ்சாதி உம்மு அடுப்புப் பத்தவைக்கவும் யோசிக்கா. மூணு நாளாக் கடச் சோறு. நானும் பீடிய ரோட்டுக்குப் போய்த்தான் இழுக்கன்.

மீராசாஹிபு ஹாஜியார்ட மாடி ஊட்டையும் அளந்தீங்களாமே. ஜெனரேட்டரப் பாயால மூடி, அதுக்கு மேல மச்சினனக் குந்தவெச்சிரிந்தாரே, காணல்லயா? வந்த ஆளுக்கு எழும்பிச் சலாம் சொல்லாத நேரமே நீங்க யோசிச்சிரிக்கணும் தம்பி. சும்மா கிடைக்கிறதெண்டா ஹாஜியாருக்கு ரெண்டு கையும் காணாது.

சீமெந்தா? அறுபது பேக். அதச் சுட்ட புகையும் எனக்கா? அல்லாஹ்வே, நான் அந்தப் பெக்டரிய வாழ்க்கையில கண்டதில்லயே. மண் ஏத்தின லொறிட புகையும் எனக்கா? சரி, எழுதுங்க. மறுகா நீங்க வந்த ஜீப்பு? திரும்பக்குள்ள எங்கட மதிலக் கறுப்பாக்கிப்போட்டுத்தானே வந்திச்சு. அது கொழும்பு ஒபிஸ்ட கணக்கா? நல்லம். அப்ப ஒவ்வொரு புகைக்கும் ஒரு சொந்தக்காரன் இரிக்கான். நல்ல சட்டம்.

இந்தா, இந்தக் கல்லு, கதவு நிலை, ரெண்டு யன்னல், முன்பக்கத்து ஓடு, இதுகளுக்குப் பூச்சியம் போடுங்க. எல்லாம் பழசு. பழசுக்குப் புகை இல்லயெண்டு நோட்டீசிலயே கிடக்கு. நான் வாசிச்சு வாசிச்சுப் பாடமாக்கி வெச்சிரிக்கன். கல்லுல இரிந்த சாந்தெல்லாம் நானே சுரண்டினது. நகமெல்லாம் போச்சு, புகை மட்டும் வரல்ல.

எங்க எடுத்ததா? ஒரு ஊட்டில. உள்ளுக்கு, வயல் பக்கம். அதயும் எழுதணுமா? பழசெண்டாப் பழசுதானே. நிலைய ஏன் உரசிப் பாக்கீங்க? கையில கரி படும். விடுங்க தம்பி, வாணிசு பூசத்தான் இரிந்தன். உம்மு, தம்பிக்குக் கை கழுவத் தண்ணி கொண்டா.

சரி, பொய் சொல்லி என்னத்துக்கு. அது எங்கட ஊடுதான். தொண்ணூறாமாண்டுச் சண்டையில எரிச்சுப்போட்டாங்க. ஆரெண்டு கேக்காதீங்க, பேரெழுதி வெச்சுட்டுப் போவாங்களா? நாங்க வாய்க்காலுக்குள்ள படுத்துக் கிடந்து பாத்தம். அப்னாக்கு அப்ப பத்து வயசு. புகைக்கு இருமப் பாத்தா. நான்தான் வாயப் பொத்திப் புடிச்சிரிந்தன். எட்டு வருசத்துக்குப் பொறகு போய், எரியாமக் கிடந்தத வண்டிலில ஏத்திக்கிட்டு வந்து இந்த ஊட்டக் கட்டினன். அவட ஊட்டு நிலை அவளுக்கே வரட்டுமெண்டுதான்.

அண்டைக்கு எழும்பின புகை எத்தின கிலோ வருமெண்டு எனக்குத் தெரியா தம்பி. ரெண்டு நாளா நிண்டிச்சு, கனக்கத்தான் வரும். அந்தப் புகைக்குச் சொந்தக்காரன் எண்டு ஒத்தனும் வரமாட்டான். ஆளில்லாத புகையெண்டு அத எங்கட கணக்கில எழுதிப்போடாதீங்க. புள்ளைக்கு லைட்டு இல்லாமப் போயிரும்.