ஒரு பொட்டு வெளிச்சம்

இந்த மேசையின் ஓரத்தில் மரத் தகடு எழும்பியிருக்கிறது, யாரோ அவசரமாகப் பசை தடவியிருக்கிறார்கள். நீங்கள் என் பெயரைக் கேட்டபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மேடம். பதில் தாமதமானதற்கு வேறு காரணமில்லை.

பழைய பீரோ, பெட்டி, நாற்காலி எதுவானாலும் எங்களிடம் வரும். பல நிற மரங்களைக் காகிதம்போல் மெல்லிய தகடாகச் சீவி, பூவாகவும் பறவையாகவும் வெட்டிப் பொருத்தி, மேலே ஒட்டிக் கொடுப்போம். நானும் அக்காவும் மட்டும்தான். உடைந்ததை அவள் சரிசெய்வாள், படம் என்னுடையது. இருபது வருடத்தில் ஒரு சச்சரவு கிடையாது.

போன வருடம் என் கண் மங்கத் தொடங்கியது. அக்கா என் மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டாள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வெட்டிப் பொருத்திய படங்கள், ஒட்டும்வரை வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். செக்கச்செவேலென்று வைத்த இதழ் பழுப்பாக இருந்தது. வெள்ளைக் கொக்கு மஞ்சளாகியிருந்தது. என்னுடையதை எடுத்துவிட்டு வேறு வைக்கிறாள் என்று புரிந்தது. கேட்டேன்.

"உன் கொக்கை நான் எதுக்குடி தொடப்போறேன்? கொத்திடப்போகுது" என்று சிரித்தாள்.

ஓர் இதழின் மேல் என் தலைமுடி ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் முடி அப்படியே இருந்தது, இதழ் மட்டும் பழுப்பாகியிருந்தது. அவ்வளவு கவனமாகச் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பளி வைக்கிற பெரிய பெட்டி ஒன்றை எடுத்தோம். இடுக்கு இருந்தால் பூச்சி புகும். ஒருத்தி உள்ளே உட்கார்ந்து வெளிச்சம் வரும் இடத்தைச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவள் அடைப்பாள். அக்கா ஒல்லி. அவளே இறங்கினாள்.

"மூடிட்டு டீ குடிக்கப் போயிடாதடி."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடைத்தேன். "இப்ப ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்ல. திற" என்றாள்.

மூடிக்கான படம் தயாராக இருந்தது. பசை தடவி ஒட்டினேன். தகடு எழும்பாமலிருக்க, மூடியையும் பெட்டியையும் சேர்த்துக் கிளாம்புகளை முறுக்கினேன். முதலில் விளையாட்டாகத் தட்டினாள். பிறகு சின்ன வயதில் என்னைக் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பசை காய ஒரு நாள் ஆகும், நடுவில் அசைக்கக் கூடாது. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் திறந்தேன். ஓர் இதழ்கூட எழும்பியிருக்கவில்லை.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். நான் மூடியது, குரல் கேட்டும் திறக்காதது, எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில், வெயில் பட்டு மரம் தானாகவே நிறம் மாறியது, அக்கா எதையும் தொடவில்லை என்று இருக்கிறது. வெயிலில் மரம் நிறம் மாறும் என்று எனக்குத் தெரியாதா, மேடம்? ஜன்னலோரம் வைக்காதீர்கள் என்று வாங்குகிறவர்களிடம் இருபது வருடமாகச் சொல்பவளே நான்தான்.

"இதுலயும் ஒரு கையெழுத்து போடுங்கம்மா. உங்க அக்காவுக்காகவாவது" என்கிறீர்கள்.

மற்ற பக்கங்களில் போட்டுவிட்டேன். இது வேண்டாம்.